கேட்கப்படாதவர்களின் பதில்கள்

சென்ற வருடம் கொழும்பில் நடந்த ஒரு செயலமர்வுக்கு அழைக்கப்பட்டிருந்தேன். கிழக்கு மாகாண முஸ்லிம் பெண்களின் அபிப்பிராயங்கள் பற்றிய ஆய்வறிக்கையொன்று அங்கு வெளியிடப்பட்டது. நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். இது அவர்களோடு மாத்திரம் முடிகிற விடயமல்ல. திரையில் வட்ட வரைபுகளும் நிரல் வரைபுகளும் ஓடிக்கொண்டிருந்தன. பதிலளித்தோர் 400 பேர் என்று போட்டிருந்தது. திருமண வயது, கல்வி, தொழில், ஆடை, நிம்மதி என எல்லாவற்றுக்கும் வீதங்கள் தயாராக இருந்தன. கேள்வி நேரத்தில் எழுந்து, எந்தெந்த ஊர்களுக்கு எந்த மாதம் போனீர்கள் என்று கேட்டேன். அளிக்கை செய்த தம்பி கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்: "சேர், நேரடியாக எடுத்தது நாற்பதுதான். மிச்சம் ஏஐ மூலம் உருவாக்கின மாதிரி. இப்ப உலகம் முழுக்க இப்படித்தான் செய்றாங்க."

மண்டபத்தில் எவரும் திடுக்கிடவில்லை. கைதட்டல் கூட இருந்தது.

தேநீர் இடைவேளையில் நண்பரொருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். நல்ல சிறுகதைக்காரர், இந்தப் பக்கங்களுக்குப் புதியவரல்ல. "காக்கா, ஒங்களுக்கு எல்லாத்துக்கும் கோவம். நம்மட சனம் படிவத்தக் கண்டா கதவப் பூட்டுது. தொறந்தாலும் பள்ளித் தலைவர் சொன்னதத்தான் சொல்லுது. தலைவர் சொன்னா என்ன, மெசின் சொன்னா என்ன? வேன் செலவாவது மிச்சம்" என்றார். கையில் பட்டீஸோடு நின்ற எனக்கு அந்த நேரத்தில் பொருத்தமான பதில் வரவில்லை. இந்தக் கட்டுரை அவருக்கும் கைதட்டியவர்களுக்கும் எழுதப்படுகிறது.

இந்த வித்தை எங்கிருந்து புறப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிசா ஆர்கைலும் அவரது சகாக்களும் 2023இல் அரசியல் ஆய்வுச் சஞ்சிகையொன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஜிபிடி-3 என்ற பெருமொழி மாதிரியிடம் தன்மையில் எழுதப்பட்ட சிறு சுயவிபரமொன்றைக் கொடுத்தார்கள். நான் இன்ன இனம், இன்ன வயது, ஆண் அல்லது பெண், இன்ன கட்சியின் பக்கம் சாய்பவன் என்பது போன்ற சில வரிகள். பிறகு, இந்த ஆள் எவருக்கு வாக்களித்திருப்பார் என்பதை அந்த மாதிரியைக் கொண்டே நிரப்பச் செய்தார்கள். 2012, 2016, 2020 ஜனாதிபதித் தேர்தல்களில் உண்மையான மனிதர்கள் அளித்த பதில்களோடு ஒப்பிட்டபோது பெருமளவு ஒத்துப்போனது. 'சிலிக்கன் மாதிரி' என்ற பெயர் அங்கிருந்துதான் பரவியது. கட்டுரையாசிரியர்கள் நிபந்தனைகளோடுதான் பேசியிருந்தார்கள். நிபந்தனைகள் பின்தங்கிவிட, பெயர் மாத்திரம் சந்தைக்கு வந்துவிட்டது. இன்று செயற்கைப் பதிலாளர்களை விற்பதற்கென்றே கம்பனிகள் இருக்கின்றன.

எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதுதான் இங்கு கவனிக்கப்பட வேண்டியது. அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வு 1948இலிருந்து நடந்து வருகிறது. அத்தனை வருடங்களாக மனிதர்களிடம் போய்க் கேட்டு வைத்திருந்தபடியால்தான் இயந்திரம் சொன்னது சரியா பிழையா என்று அவர்களால் பார்க்க முடிந்தது. நாம் எதனை வைத்துப் பார்ப்பது? இந்த நாட்டில் 1981க்குப் பிறகு முழுத் தீவையும் எண்ணிய குடிசனத் தொகைமதிப்பு 2012இல்தான் நடந்தது. 1991இல் நடக்கவேயில்லை. 2001இல் 18 மாவட்டங்களில் மாத்திரமே முழுமையாக எண்ண முடிந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது சனங்கள் புத்தளத்து முகாம்களில் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாணமும் முடித்துவைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதைத் தொடர்ச்சியாகக் கேட்டுவைத்த தரவு எவரிடம் இருக்கிறது? உரைத்துப் பார்க்கக் கல் இல்லாத இடத்தில் தங்கம் என்று சொல்லித் தருவதை வாங்குவதா?

2005இல் நான் தகவல் சேகரிப்பாளனாக வேலை செய்தேன். கடல் வந்து போய்ச் சில மாதங்கள். அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் மேற்பட்டோர் மௌத்தாகியிருந்தார்கள். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் தகரக் கொட்டில்களுக்கிடையில் வினாக்கொத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். அதில் ஒரு கேள்வி: தற்போதைய வாழ்க்கை நிலை குறித்துத் தங்களது திருப்தி எவ்வாறுள்ளது? மிகவும் திருப்தி என்பதிலிருந்து மிகவும் அதிருப்தி வரை ஐந்து கட்டங்கள்.

பெண்களில் முக்கால்வாசிப் பேர் சொன்ன பதில் ஒன்றுதான்: "அல்ஹம்துலில்லாஹ்."

முதல் இரண்டு நாட்களும் நாங்கள் அதனை 'மிகவும் திருப்தி' என்ற கட்டத்தில் போட்டோம். வேறெங்கே போடுவது? மூன்றாம் நாள் ஒரு மாமி அப்படியே சொன்னார். நானும் புள்ளடி போட்டு, பேனையை மூடி, படிவங்களை உறைக்குள் வைத்து எழும்பினேன். அப்போது அவர் சொன்னார்: "மகன், எண்ட மூத்த புள்ளட மையித்து இன்னும் கெடைக்கல்ல. ஒங்கட தாள்ல அதக் கேக்க மாட்டீங்களா?" நான் திரும்ப உட்கார்ந்தேன். அன்றிரவு எங்களது குழுவில் பெரிய வாக்குவாதம். கடைசியில் அந்தச் சொல் திருப்தியைக் குறிக்கவில்லை, அது படைத்தவனோடு பேசுகிற பேச்சு, எங்களோடு பேசுவது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்று தீர்மானித்தோம். முதல் இரண்டு நாட்களும் போன வீடுகளுக்குத் திரும்பவும் போனோம். மேற்பார்வையாளர் ஏசினார், வேன் காசைக் கூட்டித் தரவுமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கான பதில்கள் தலைகீழாக மாறின.

இப்போது அந்த மாமியின் வயதையும் ஊரையும் மார்க்கத்தையும் தட்டச்சு செய்து இயந்திரத்திடம் கேளுங்கள். அதுவும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லக்கூடும். அழகாகவே சொல்லும். பேனையை மூடிய பிறகு அது என்ன சொல்லும்?

இன்னொன்று. படிவத்தின் முதற் பக்கத்தில் 'குடும்பத் தலைவர்', 'வீட்டு உரிமையாளர்' என இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டிலும் ஒரே பெயர்தான் வரும் என்ற நினைப்போடு அதனைத் தயாரித்திருந்தார்கள். சாய்ந்தமருதில் ஒரு மனிதர் சிரித்துவிட்டார். "எனக்கெங்க தம்பி ஊடு? நான் இவட ஊட்டுல இரிக்கிற ஆள்." கிழக்கில் வீடு பெண்ணுக்குப் போவது, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவது இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்குப் புதினமல்ல. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் இருந்து இதனைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். கொழும்பில் இருந்து வினாக்கொத்துத் தயாரித்தவர்களுக்கு மாத்திரம் அது புதினம். கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அந்த நேரம் கிழக்குக்குச் சட்டம் போட்டிருந்தார்கள். புதுக் காணியில் புது வீடு கிடைக்கும்போது உறுதியில் எவருடைய பெயர் வரும் என்பது உம்மாமாரின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்று ஆணின் பெயர் விழுந்து, பெண்ணின் வீடு காகிதத்தில் ஆணின் வீடாக மாறியது. இந்தச் சங்கதி எங்களது அறிக்கைக்குள் வந்ததென்றால், அந்த மனிதர் சிரித்ததால்தான் வந்தது. கேட்பவன் எதிர்பாராத பதிலைச் சொல்லக்கூடிய ஆள் எதிரே இருப்பதுதான் ஆய்வுக்கு உயிர்.

பெருமொழி மாதிரி செய்வதென்ன? எழுதப்பட்ட கோடானுகோடி வசனங்களிலிருந்து, அடுத்து வரச் சாத்தியமான சொல் எதுவென்று கணித்துச் சொல்கிறது. எழுதப்பட்டது எதுவோ அதுதான் அதன் உலகம். சாய்ந்தமருது மாமியின் பேச்சு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? எமது சில சிறுகதைகளில், நின்றுபோன சில சஞ்சிகைகளில், இருநூறு பிரதி அடித்துக் கட்டிலுக்குக் கீழே கிடக்கும் சில தொகுதிகளில். எம்மைப் பற்றிப் பிறர் எழுதியதோ மலை போலக் கிடக்கிறது. அதிலும் 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வந்தவற்றில் கணிசமானவை எம்மைப் பாதுகாப்புப் பிரச்சினையாகப் பார்த்து எழுதப்பட்ட அறிக்கைகள். மாமியின் வேடம் போட்டுக்கொண்டு இயந்திரம் பேசும்போது அது எந்த மலையிலிருந்து அள்ளும் என்று நினைக்கிறீர்கள்?

இது என்னுடைய மனப்பிரமை என்று ஒதுக்க வேண்டாம். அபூபக்கர் அபித், மஹீன் ஃபாரூக்கி, ஜேம்ஸ் ஸூ ஆகிய மூவர் 2021இல் வெளியிட்ட ஆய்வில் அதே ஜிபிடி-3 இடம், இரண்டு முஸ்லிம்கள் ஓர் இடத்துக்குள் நுழைந்தார்கள் என்று தொடங்கும் வசனத்தைக் கொடுத்து முடிக்கச் சொன்னார்கள். 100 தடவைகளில் 66 தடவைகள் அது கொலையிலோ குண்டிலோ வேறு வன்முறையிலோ கொண்டுபோய் முடித்தது. வேறு மதத்தவர்களின் பெயரைப் போட்டபோது அந்தத் தொகை வெகுவாகக் குறைந்தது. பின்னர் வந்த மாதிரிகளில் இத்தகைய பச்சையான வசனங்களைக் குறைத்திருக்கிறார்கள், உண்மைதான். வாய்க்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். வாசித்து வளர்ந்த பிரதிகள் மாறிவிட்டனவா? 2025இல் ஏஞ்சலினா வாங்கும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமான இடத்தைத் தொடுகிறது. ஒரு குழுவைச் சேர்ந்தவராக நடிக்கும்படி இந்த மாதிரிகளைக் கேட்டால், அக்குழுவினர் தம்மைப் பற்றிச் சொல்வதை விட, வெளியார் அக்குழுவைப் பற்றிச் சொல்வதையே அவை பல சந்தர்ப்பங்களில் ஒத்திருக்கின்றன என்று அவர்கள் காட்டுகிறார்கள். குழுவுக்குள் இருக்கும் வேறுபாடுகளையும் அவை தட்டையாக்கிவிடுகின்றன.

இதை வாசித்தபோது எனக்கு 1888 ஞாபகத்துக்கு வந்தது. பொன்னம்பலம் இராமநாதன் வேத்தியல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றிக் கட்டுரை படித்தார். நாம் யார் என்று அவர் சொன்னார். சட்டசபைப் பிரதிநிதித்துவம் பேசப்பட்ட நேரம் அது, ஆகவே வெறும் இனவியலாக அது இருக்கவில்லை. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸின் மறுப்பு 1907இல் நூலாக வந்தது. இடையில் 19 வருடங்கள். அஸீஸ் சொன்னதெல்லாம் சரியா என்பது வேறு விவாதம், அதில் எனக்கும் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனால் மறுப்பதற்கு எதிரே பெயரும் முகமும் உள்ள ஒருவர் இருந்தார். கொழும்புச் செயலமர்வில் 360 'முஸ்லிம் பெண்கள்' சொன்னதை நான் எவரிடம் போய் மறுப்பது? எந்தப் பெண்ணின் வாசற்படியில் போய், நீங்கள் இதைச் சொன்னீர்களா என்று கேட்பது?

பதிப்புரிமை, இரகசியம், தரவுப் பாதுகாப்பு பற்றியெல்லாம் வேறு ஆட்கள் எழுதுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது இந்தத் தட்டையாக்கல்தான். ஜேம்ஸ் பிஸ்பீயும் சகாக்களும் 2024இல் எழுதிய கட்டுரையில், அமெரிக்கத் தரவுகளை வைத்தே இதைப் பரிசோதித்தார்கள். சராசரியைப் பார்த்தால் இயந்திரப் பதில்களும் மனிதப் பதில்களும் கிட்டத்தட்ட ஒன்று. விலகலைப் பார்த்தால் இயந்திரத்தில் அது குறைந்துவிட்டது. மனிதர்கள் முரண்பட்ட அளவுக்கு அது முரண்படவில்லை. கேள்வியின் வசனத்தைக் கொஞ்சம் மாற்றினால் பதில் மாறியது. அதே கேள்வியைச் சில மாதங்கள் கழித்துக் கேட்டாலும் மாறியது. அமெரிக்க வெள்ளைக்காரரையே இப்படியென்றால் எமது கதி என்ன? அத்தகைய மாதிரியொன்றைத் தயாரிக்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்களே 2023இல் சொல்லியிருக்கிறார்கள், பல நாடுகளின் கருத்துக்கணிப்புக் கேள்விகளைக் கேட்டபோது அதன் பதில்கள் அமெரிக்காவையும் சில ஐரோப்பிய, தென்னமெரிக்க நாடுகளையும் அண்டியே நின்றன என்று. கேள்வியை வேறு மொழிக்குப் பெயர்த்துக் கேட்டதால் மாத்திரம் அது அந்த மொழிக்காரராக மாறிவிடவில்லை. ஆகவே, தமிழில்தானே கேட்டோம் என்ற சமாதானம் செல்லாது.

எமது சமூகத்துக்குள் நடக்கும் சண்டைகளை யோசித்துப் பாருங்கள். விவாக, விவாகரத்துச் சட்டத் திருத்தம் பற்றி ஒரே வீட்டில் உம்மாவுக்கு ஒரு கருத்து, மகளுக்கு இன்னொன்று, மூத்த மகனுக்கு மூன்றாவது. பேருவளைக்காரரும் மூதூர்க்காரரும் ஒரே கேள்விக்கு ஒரே பதில் சொன்ன நாளை நான் கண்டதில்லை. (பிறை விடயத்தைக் கேட்கவே வேண்டாம்.) இந்தச் சண்டைதான் நாம் உயிரோடிருப்பதன் அடையாளம். சண்டையை அகற்றி, 'முஸ்லிம் பெண்' என்ற ஒற்றைப் பாத்திரத்தை 360 தடவை பிரதி எடுத்து, அதற்கு வீதமும் போட்டுத் தந்தால், அது எம்மை எப்போதும் ஒரே கட்டியாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மிகவும் வசதி.

அபிப்பிராயம் என்பது ஓரிடத்தில் நிற்கும் சாமானுமல்ல. 2020 ஆரம்பத்தில் எனது தெருவில் போய், அரச வைத்தியசாலையில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டிருந்தால் அநேகர் ஆம் என்றிருப்பார்கள். அந்த ஏப்ரலில் கொரோனா ஜனாஸாக்களை எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. வருடக் கடைசியில் அதே வீடுகளில், நெஞ்சு வலித்தாலும் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவர்களை எனக்குத் தெரியும். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட மாதங்களில் இயந்திரம் பழைய பிரதிகளிலிருந்து 'ஆம்' என்றுதான் கணித்துச் சொல்லியிருக்கும். அந்த 'ஆம்' சுகாதார அமைச்சின் மேசைக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள்.

இனி நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். மனிதர்களிடம் எடுக்கும் தரவும் பொய்தானே என்கிறார். ஒத்துக்கொள்கிறேன், அதுவும் அனுபவத்தோடு. 2005இல் ஒரு மழை நாளில், கடைசி இரண்டு வீடுகளுக்குப் போகப் பஞ்சியில் தேநீர்க் கடையில் இருந்தே இரண்டு படிவங்களை நிரப்பினேன். ஊரின் சாதாரணக் குடும்பம் எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்தானே. மீன்பிடி, மூன்று பிள்ளைகள், மூன்றும் பாடசாலை போகின்றன, மிகவும் திருப்தி. மேற்பார்வையாளர் மறுநாள் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே பிள்ளைகளே இருக்கவில்லை. ஒரு கிழவரும் கண் தெரியாத அவரது ராத்தாவும் மாத்திரம். எல்லோருக்கும் முன்னால் என்னை நிற்கவைத்து, இரண்டு நாள் சம்பளத்தை வெட்டி, அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அன்று அதற்குப் பெயர் கள்ளப் படிவம். இன்று அதே காரியத்துக்கு 'செயற்கை மாதிரி' என்று பெயர் வைத்து, திரையில் போட்டு, பட்டீஸும் தருகிறார்கள்.

நான் தேநீர்க் கடையில் செய்ததைத்தான் இயந்திரமும் செய்கிறது. ஊரின் சராசரியை எழுதுகிறது. என்னை விடக் கெட்டிக்காரத்தனமாக எழுதுகிறது என்பதுதான் வித்தியாசம். எத்தனை ஆயிரம் எழுதினாலும் கண் தெரியாத அந்த ராத்தா அதற்குள் எப்படி வரப்போகிறார்? 2023இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்த மாதிரிகளின் பதில்களில் எவருடைய அபிப்பிராயம் மோசமாகப் பிரதிபலிக்கிறது என்று தேடியபோது அகப்பட்டவர்களுள் 65 வயதைத் தாண்டியவர்களும் துணையை இழந்தவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவிலேயே அப்படி. யுத்தமும் கடலும் விதவைகளை விட்டுப் போன எமது கரையோரத்தில் இதனைக் கொண்டுவந்து விற்கிறார்கள்.

தொகை பெரிதாக இருந்தால் உண்மை வந்துவிடும் என்பதும் பழைய மூடநம்பிக்கை. 1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' சஞ்சிகை ஒரு கோடிப் பேருக்குத் தபாலில் வாக்குச்சீட்டு அனுப்பி, 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் வென்றார். ரெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களின் விலாசங்கள்தான் அந்தச் சஞ்சிகையிடம் அதிகம் இருந்தன. இருந்தும், பதில் எழுதியவர்கள் மனிதர்களாக இருந்தார்கள் என்ற அளவிலாவது அது எவ்வளவோ மேல்.

இயந்திரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வினாக்கொத்தில் எந்த வசனம் குழப்பமாக இருக்கிறது என்று அதனிடம் கேட்கலாம். சிங்களத்தில் எழுதிய கேள்வியின் தமிழ் வடிவம் எங்கே கோணுகிறது என்று பார்க்கலாம், எமது திணைக்களப் படிவங்களின் தமிழைப் பார்த்தால் அந்த உதவி அவசரமாகத் தேவை. மனிதர்கள் சொன்ன ஆயிரம் நீண்ட பதில்களை வகைப்படுத்தவும் உதவும். அங்கும், அல்ஹம்துலில்லாஹ் என்பதை எந்தக் கட்டத்தில் போட்டது என்று உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். இவையெல்லாம் கேள்விக்கு முன்னாலும் பதிலுக்குப் பின்னாலும் உள்ள வேலைகள். நடுவில் உள்ள இடம், ஒருவர் கேட்டு இன்னொருவர் சொல்லும் இடம், அதற்குரியதல்ல.

அறிக்கை எழுதுகிறவர்களிடம் கேட்பது சிறிய விடயம்தான். எத்தனை மனிதர்களிடம், எந்த ஊரில், எந்த மாதம் கேட்டீர்கள் என்பதை முதற் பக்கத்தில் போடுங்கள். இயந்திரம் எழுதியதைப் 'பதிலளித்தோர்' என்ற சொல்லுக்குள் சேர்க்காதீர்கள். எமது சஞ்சிகைகளும் பல்கலைக்கழகத் துறைகளும் அப்படியான எண்களை ஆதாரமாக எடுத்து எழுதக்கூடாது. நண்பர் சொன்ன பள்ளித் தலைவர் விடயத்துக்கும் வழி இருக்கிறது. பெண்களிடம் பெண்களை அனுப்புங்கள், இரண்டாம் தடவையும் அனுப்புங்கள், வேனுக்குக் காசு ஒதுக்குங்கள். தலைவர் எல்லோருக்குமாகப் பேசுகிறார் என்று இத்தனை காலமும் கதை எழுதிய நாம், அவரது கதிரையில் இயந்திரத்தை இருத்தினால் பேசாமல் இருப்பதா?

அந்தச் செயலமர்வு முடிந்த கிழமையே நிறுவனத்துக்குக் கடிதமொன்று எழுதினேன். 360ஐ விட்டுவிடுங்கள், நேரில் எடுத்த நாற்பது படிவங்களில் அந்தப் பெண்கள் சொன்னதை, பெயர்களை நீக்கிவிட்டாவது வாசிக்கத் தாருங்கள் என்று கேட்டிருந்தேன். மின்னஞ்சலிலும் அனுப்பினேன், பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, விரைவில் தொடர்பு கொள்வோம் என்று ஒரு நிமிடத்துக்குள் மின்னஞ்சல் வந்தது. அதை எழுதியது ஆள் அல்ல என்று கீழே போட்டிருந்தது. அதன் பிறகு எதுவும் வரவில்லை.